நெல்லைப் பக்கம் தியேட்டருக்குப் போகிறவர்கள் கவனிக்க: மங்கலான திரை, அமுக்கின சத்தம், கட்டாயப் பாப்கார்ன்

மக்களே, பதிவு கொஞ்சம் நீளம்தான். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் படம் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் முழுவதும் படித்துவிடுங்கள், ஏனென்றால் போகிற பணம் உங்கள் பணம்.

2024 ஆகஸ்டில் இருந்து தீபாவளி வரை வந்த படங்களில் பலவற்றை எங்கள் பகுதியில் ஒரே தியேட்டரில்தான் பார்த்தேன். வீட்டுக்குப் பக்கம், வண்டி நிறுத்த இடம் உண்டு, சில படங்கள் அங்கே மட்டும்தான் ஓடும். தியேட்டர் பெயரை இப்போது எழுதப் போவதில்லை, மனு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். அடையாளங்களைச் சொல்கிறேன், அவை எந்தத் தியேட்டரில் தென்பட்டாலும் உஷாராகிக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகம் வந்தது டிமான்டி காலனி 2 பார்த்தபோது. பேய்ப் படம் இருட்டாகத்தான் இருக்கும், சரி. ஆனால் அந்த இருட்டுக்குள்ளே ஏதோ நிற்கிறது என்பது கண்ணுக்குத் தட்டுப்பட்டால்தானே பயம் வரும்? அருள்நிதி முகமே பாதி நேரம் தெரியவில்லை. பின்னால் இருந்து திடீரென்று வர வேண்டிய சத்தம் எல்லாம் பக்கத்து வீட்டு டிவி மாதிரி எங்கேயோ கேட்டது. சுற்றி இருந்தவர்கள் போனை எடுத்துவிட்டார்கள், வெளியே வரும்போது எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: படம் சரியில்லை. அதே படத்தை மதுரையில் பார்த்த என் சித்தி மகன் ராத்திரி லைட்டை அணைக்காமல் படுத்திருக்கிறான். என்னைக் கேட்டால், 2015-ல் வந்த முதல் பாகத்தோடு கதையை முடிச்சுப் போட்ட விதம் நன்றாகவே இருந்தது, இடையில் கொஞ்சம் குழப்பம் உண்டு, ஆனால் இது சத்தத்தை நம்பி எடுத்த படம். சத்தத்தைப் பிடுங்கிவிட்டால் அதில் என்ன மிஞ்சும்?

அப்புறம் வாழை. இதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

என் மாமாவுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். சின்ன வயதில் வாழைத்தார் சுமந்து கூலி வாங்கினவர். படத்துக்கெல்லாம் போகிற ஆள் இல்லை. மாரி செல்வராஜ் நம்ம பக்கத்துக் கதையை எடுத்திருக்கிறார், தார் சுமக்கிற பையன்தான் கதை என்று சொல்லித்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பகல் காட்சிகள் வரைக்கும் சமாளித்துவிட்டோம், பூங்கொடி டீச்சர் வருகிற இடங்களிலும் ரஜினி கமல் சண்டையிலும் மாமா வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் ராத்திரி நேரத்தில் தார் சுமக்கிறவர்கள் ஏறி வருகிற லாரி கவிழ்கிற பகுதி, அதற்காகத்தான் அந்தப் படமே. திரையில் கருப்பு, கொஞ்சம் சாம்பல், அவ்வளவுதான். வலது பக்கம் வெளியேறும் வாசலுக்கு மேலே இருக்கிற சிவப்பு விளக்கு திரையின் ஓரத்தில் விழுந்து அந்த இடம் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. மாமா என் கையைத் தட்டி, "என்னலே, ஒண்ணும் தெரியமாட்டேங்கு. லாரி விழுந்துட்டா, விழலியா?" என்று கேட்டார். நம்ம மண்ணில் நடந்த சாவு அது, அதை நம்ம ஊர்க்காரர் படமாக எடுத்திருக்கிறார், அதை நம்ம ஊரிலேயே ஒரு மனிதன் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நேரே மேனேஜரிடம் போனேன். "அண்ணாச்சி, படமே அப்படித்தான் எடுத்திருக்காவ. டைரக்டர்ட்ட போய்க் கேளுங்க" என்றார். இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. தன் கடைக் குறையைத் தூக்கி, படம் எடுத்தவன் தலையில் வைக்கிறார். கேமராவைப் பிடித்தவர் தேனி ஈஸ்வர், வெளிச்சத்தைத் தெரிந்த மனிதர்.

அடுத்த வாரமே மாமாவைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போய் வேறு தியேட்டரில் அதே படத்தைக் காட்டினேன். லாரி, ரோட்டோர வயல், சரிந்து கிடக்கிற தார், ஒவ்வொன்றும் தெரிந்தது. வருகிற வழியில் மாமா பேசிக்கொண்டே வந்தார்: தோளில் துண்டைச் சும்மாடு சுற்றி வைத்தாலும் பால் ஒழுகிச் சட்டையில் இறங்கிவிடுமாம், அந்த வாழைக்கறை எத்தனை துவைத்தாலும் போகாதாம், பள்ளிக்கூடத்தில் கறைச் சட்டையைப் பார்த்தே யார் யார் தாருக்குப் போகிறவன் என்று சொல்லிவிடுவார்களாம். முதல் தியேட்டரில் பார்த்ததோடு விட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

சரி, ஏன் இப்படி ஆகிறது என்று விசாரித்தேன். தியேட்டர்களில் புரொஜெக்டர் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் விளக்கினார். டிஜிட்டல் சினிமாவுக்குத் திரையில் இவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று அளவு இருக்கிறது, சாதாரண படத்துக்கு 14 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு அது). புரொஜெக்டரில் இருக்கிற செனான் லாம்ப் ஓட ஓட மங்கும். இத்தனை மணி நேரத்தில் மாற்ற வேண்டும் என்று கம்பெனி கணக்கே கொடுத்திருக்கும், விலை அதிகம் என்பதால் சிலர் அந்தக் கணக்கைத் தாண்டியும் ஓட்டுகிறார்கள். லாம்ப் நிறைய நாள் வர வேண்டும், கரண்டு பில் குறைய வேண்டும் என்று கரண்டைக் குறைத்து வைப்பவர்களும் உண்டு. 3டி படம் ஓட்டிவிட்டு, லென்ஸுக்கு முன்னால் மாட்டின ஃபில்டரைக் கழற்றாமலேயே சாதாரண படத்தை ஓட்டினால் இன்னும் மோசம், பாதிக்கு மேல் வெளிச்சம் போய்விடும். சத்தமும் இதே கதைதான். படத்துக்குச் சத்தம் கலக்கும்போது 7 என்ற அளவில் வைத்துத்தான் கலக்குகிறார்கள், தியேட்டரில் 5-க்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். அங்கே வேலை பார்க்கிற பையனிடமே நான் கேட்டேன், அவன் மறைக்கவில்லை: "லாம்ப் மாத்தணும்னு சொல்லியாச்சு அண்ணாச்சி, மொதலாளி பாப்போம்னு சொல்லுதாவ."

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் எந்தப் படம் அங்கே பிழைக்கும், எது சாகும் என்பது விளங்கிவிடும். லப்பர் பந்து அங்கே நன்றாகத்தான் ஓடியது. பெரும்பாலும் பகல் வெயில், கிரிக்கெட் மைதானம், கமெண்ட்ரி. கெத்து என்கிற ஆட்டக்காரர் இறங்கும்போது விஜயகாந்தின் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலித்தால் சத்தம் குறைவாக இருந்தாலும் ஜனங்களே கூடப் பாடி நிரப்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த வருடத்தில் மிகவும் பிடித்த படம் அது. வில்லன் என்று தனியாக ஒருவன் இல்லாமல், இரண்டு பேரின் வீம்பை வைத்தே கடைசி வரை கொண்டுபோயிருக்கிறார்கள், சாதியைப் பேச வேண்டிய இடத்தில் மழுப்பாமல் பேசியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று: இந்த மாதிரிப் பகல் படத்தைப் பார்த்துவிட்டு "தியேட்டர் நல்லாத்தானே இருக்கு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்கள் பிழைப்பு ஓடுவதே அப்படித்தான்.

ஒரு வாரம் கழித்து அதே இருக்கை வரிசையில் மெய்யழகன். இரண்டு பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுகிற படம். அரவிந்த்சாமி குரலைத் தாழ்த்திப் பேசுவார், கார்த்தி வாய் ஓயாமல் பேசுவார், அந்தப் பேச்சுதான் படம். ஏசி இரைச்சலில் பாதி வசனம் காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்த குடும்பம் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டது, "ஒரே இழுவை" என்று அந்த அம்மா சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கேட்காத பேச்சு யாருக்கும் இழுவைதான். படம் நீளம் என்று பேச்சு வந்து, வெளியான சில நாளில் 18 நிமிடம் போல வெட்டிவிட்டார்கள். வெட்டியிருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. சொந்த ஊரை விட்டுப் போனவன் திரும்பி வந்து கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறான், அவனை உரிமையோடு "அத்தான், அத்தான்" என்று ஒருவன் சுற்றி வருகிறான், அது மெதுவாகத்தான் நடக்க முடியும். படம் இழுவை என்று சொன்னவர்களில் எத்தனை பேர் இந்த மாதிரித் தியேட்டரில் பார்த்தவர்களோ!

தீபாவளிக்கு அமரன். இங்கேதான் நேரடியாகப் பணத்தில் கை வைத்தார்கள். முதல் நாட்களுக்கு ஆன்லைன் புக்கிங்கை அடைத்துவிட்டு, கவுண்டரில் மட்டும் டிக்கெட். டிக்கெட் 130, அதோடு பாப்கார்ன் கூப்பன் 70, சேர்த்து 200. கூப்பன் வேண்டாம் என்றால் டிக்கெட் இல்லை. குடும்பத்தோடு வந்தவர்கள் வரிசையில் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நானே பார்த்தேன். கூப்பன் என்பது ரோஸ் நிறத்தில் விரல் நீளச் சீட்டு, ஜெராக்ஸ் எடுத்து வெட்டினது, அதில் தியேட்டர் பெயரும் இல்லை, தொகையும் இல்லை. இடைவேளையில் அதைக் கொடுத்தால் எப்போதோ பொரித்துக் கட்டி வைத்த, நமுத்துப்போன பொட்டலம். 20 ரூபாய் அச்சடித்த தண்ணீர் பாட்டில் 40. இலவசக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை.

படம்? சாய் பல்லவிக்காகவே பார்க்கலாம். மேஜர் முகுந்த் வரதராஜன் என்ற உண்மையான மனிதரின் வாழ்க்கை, முடிவு என்னவென்று தெரிந்தேதான் போகிறோம், தெரிந்தும் அந்தப் பெண் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிவகார்த்திகேயன் இந்த அளவுக்கு அடக்கி நடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் துப்பாக்கிச் சண்டை எல்லாம் பட்டாசுக் கடையில் கேப் வெடிக்கிற சத்தத்தில் போனது, இடைவேளைக்கு அப்புறம் ஏசியையும் நிறுத்திவிட்டார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும் முன்னே லைட்டைப் போட்டு, அடுத்த காட்சிக்கு ஆள் விட வேண்டும் என்று எழுப்பிவிட்டார்கள்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். விளம்பரம் ஓடும்போதே பாருங்கள், வெள்ளை நிறம் மஞ்சளாகவோ சாம்பலாகவோ தெரிந்தால், திரையின் நடுவில் மட்டும் வெளிச்சம் கூடி ஓரம் இருண்டிருந்தால், அப்போதே எழுந்து போய்ச் சொல்லுங்கள். தனியாகப் போகாமல் பக்கத்து இருக்கைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள், நாலு பேர் போய் நின்றால் சத்தத்தையாவது கூட்டுகிறார்கள். கூப்பனை டிக்கெட்டோடு கட்டி விற்பது சும்மா விடுகிற விஷயம் இல்லை. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று தருவேன் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்கக்கூடிய வியாபார முறை. அச்சடித்த விலைக்கு மேல் தண்ணீர் பாட்டில் விற்றால் தொழிலாளர் துறையில் சொல்லலாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். வெளித் தின்பண்டத்தைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் சொன்ன உச்ச நீதிமன்றம், நல்ல குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தேதான் சொன்னது. பில், டிக்கெட், கூப்பன் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தியேட்டருக்கு லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி கலெக்டர்தான். அதனால் போன திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டேன், மாமாவும் கூட வந்து கையெழுத்துப் போட்டார். மனு எண் வந்திருக்கிறது. கட்டாயக் கூப்பன், குடிநீர், ஏசி நிறுத்தம், லாம்ப் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். தீபாவளி நேரத்தில் அந்த ரோஸ் சீட்டை வாங்கினவர்கள் யாராவது இதைப் படித்தால் கிழித்துப் போடாமல் வையுங்கள், என்னிடம் இருப்பதோடு உங்களுடையதும் சேர்ந்தால் மனுவுக்குப் பலம் கூடும். விசாரணைக்குக் கூப்பிட்டால் தேதியை இங்கேயே எழுதுகிறேன், வர முடிந்தவர்கள் வாருங்கள்.