பழைய ஜிம்னிக்கு இசியு டியூனிங்: காக்கி புக்கிட் பட்டறை எப்படி?

எஞ்சினை நடத்தும் கணினியான இசியுவின் மென்பொருளைத் திருத்துவதுதான் இந்த டியூனிங். அதைச் செய்தால் சுசுகி ஜிம்னி பறக்கும் என்ற எண்ணத்தோடு சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் இருக்கிற இந்தப் பட்டறைக்குப் போகாதீர்கள். மேடு ஏறும்போது திணறக் கூடாது, குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடனே இழுக்க வேண்டும், அது போதும் என்றால் தாராளமாகப் போகலாம். எனக்கு அதுதான் தேவைப்பட்டது, அது கிடைத்தது, முழு திருப்தி.

என்னுடையது மூன்றாம் தலைமுறை ஜிம்னி, 1.3 லிட்டர் எம்13ஏ எஞ்சின், ஐந்து கியர் மேனுவல், சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கம்பெனிக் கணக்கில் ஏறத்தாழ 85 குதிரைத்திறன், 110 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). அந்த டார்க்கும் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றைத் தாண்டினால்தான் முழுசாக வரும். இதில் 205/70 டயருக்குப் பதில் 215/75 போட்டிருக்கிறேன், விட்டம் மூன்றரை சென்டிமீட்டர் கூடிவிட்டது, ஒவ்வொரு கியரிலும் இழுவை 5 விழுக்காடு குறைந்த கணக்கு. புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஏற்றம் வந்தாலே நாலாவது கியருக்கு இறக்கியாக வேண்டும், மலேசியாவின் ஜொகூரில் கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இரண்டாவது கியரில் மெதுவாக ஏறும்போது 2000 சுற்றுக்கும் 3000 சுற்றுக்கும் நடுவில் எஞ்சின் அப்படியே சோர்ந்துவிடும்.

முதலில் வேறொரு கடையில் வாட்சாப்பில் விசாரித்தேன். வண்டியைப் பார்க்கவே இல்லை, "15 குதிரைத்திறன் கூட்டித் தர்றோம், 98 ஆக்டேன் பெட்ரோல் மட்டும் ஊத்துங்க" என்று பதில் வந்தது. டர்போ வண்டி என்றால் பூஸ்ட் அழுத்தத்தைக் கூட்டி நிறைய எடுக்கலாம், சரி. டர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகிற காற்றின் அளவை மென்பொருளால் பெரிதாக மாற்ற முடியாது. தீப்பொறி விழும் நேரம், பெட்ரோல் அளவு, வால்வு டைமிங், இவற்றைத்தான் திருத்தலாம். அதில் எங்கிருந்து 15 வரும்?

காக்கி புக்கிட் கடையில் எண்ணே சொல்லவில்லை. டியூனிங் பார்க்கும் தம்பி ஜொகூர்க்காரர். "நம்பரை அப்புறம் பேசலாம் அண்ணே, முதல்ல எஞ்சின் நல்லா இருக்கான்னு பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டு இசியுவின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி என்னை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார், அவர் பக்கத்து இருக்கையில் மடிக்கணினியோடு. திரும்பி வந்ததும் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டினார்: நீண்டகால ஃபியூவல் டிரிம், கூட்டல் 17. அதாவது இசியு தன் கணக்கைவிட 17 விழுக்காடு அதிகமாகப் பெட்ரோல் விட்டுக்கொண்டிருக்கிறது. 10க்குள் இருந்தால் கவலை இல்லை, இது அதிகம்.

"காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் வருதா, சூடானா நின்னுருதா?" என்று கேட்டார். வரும். வால்வு சத்தம் என்று எல்லோரும் சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். வண்டியை ஆறவிட்டு வெப்பத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் குழாய்கள் சேரும் இடத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல், அதைச் சுற்றி விசிறி மாதிரி கரி படிந்திருந்தது. எஞ்சின் சூடானால் இரும்பு விரிந்து விரிசல் மூடிக்கொள்கிறது, சத்தம் நிற்கிறது, ஆனால் முழுக்க அடைவதில்லை. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட, அதற்குக் கீழே இருக்கிற ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இசியுவுக்குச் சொல்கிறது, இசியுவும் நம்பி ஊற்றுகிறது. இந்த நிலையில் எழுதுகிற எந்த மேப்பும் (இசியுவில் இருக்கும் பெட்ரோல், தீப்பொறிக் கணக்கு அட்டவணை) தப்புக் கணக்கின் மேல்தான் உட்காரும் என்று சொல்லி, அன்றைக்கு இசியுவைத் தொடவே மறுத்துவிட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

விரிசலுக்கு வெல்டிங், புது கேஸ்கெட், புது ஆக்சிஜன் சென்சார், ஸ்பார்க் பிளக். டிரிம் 3க்கு இறங்கியது. உண்மையைச் சொன்னால் பாதிச் சோர்வு அப்போதே போய்விட்டது.

அப்புறம்தான் மேப். ஜொகூர் போனால் எந்த பெட்ரோல் ஊற்றுவீர்கள் என்று கேட்டார். சிங்கப்பூர் வண்டிக்கு மலேசியாவில் ரோன்95 (95 ஆக்டேன் பெட்ரோல்) விற்கக் கூடாது என்பது 2010 முதல் உள்ள விதி, அதனால் அங்கே 97தான். இங்கே நான் ஊற்றுவது 95. ஆகவே 95க்கே எஞ்சின் தட்டாத (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து 'நாக்' சத்தம் வராத) அளவில் தீப்பொறி நேரத்தை முன்னால் நகர்த்தி, வெயிலில் உள்ளே போகும் காற்று சூடாகும்போது அது தானாகப் பின்வாங்கும்படி வைத்தார். திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் பின்சக்கரங்களை மட்டும் உருளையில் ஏற்றி இரு சக்கர ஓட்டத்தில் அளந்தார்கள். உச்சத்தில் கூடியது நாலைந்து குதிரைத்திறன்தான். ஆனால் 2000 முதல் 3500 சுற்று வரை டைனோ வரைபடக் கோட்டில் இருந்த பள்ளம் நிரம்பிவிட்டது, பாதையில் அதுதான் பேசுகிறது: முன்பு முதல் கியருக்கு இறங்கிய மேட்டில் இப்போது இரண்டாவதிலேயே ஏறுகிறது. பெரிய டயரின் சுமை மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்குக் கியர் விகிதத்தை மாற்ற வேண்டும், மேப்பால் ஆகாது.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்டைக் கழற்றுவது, செக் எஞ்சின் விளக்கை மென்பொருளில் அணைத்துவைப்பது, இரண்டையும் செய்வதில்லையாம். பத்து வயதைத் தாண்டிய வண்டி ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது, புகையில் மாட்டினால் யாருக்கு நஷ்டம்? காப்பீட்டு நிறுவனத்திடம் டியூனிங்கைச் சொல்லிவிடுங்கள் என்றும் அவரே நினைவுபடுத்தினார்.

குறைகளும் உண்டு. டைனோ அவர்களுடையது அல்ல, இன்னொரு இடத்தில் நேரம் எடுத்துப் போகிறார்கள், அதனால் சொன்ன நாள் தள்ளிப்போனது, அதையும் நான் அழைத்துக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். ரசீதில் 'இசியு டியூன்' என்று ஒரே வரி, முன் பின் டைனோ வரைபடத்தை நான் கேட்டுத்தான் வாங்கினேன். வெல்டிங்கும் உதிரிபாகங்களும் தனிக் கணக்கு, எல்லாம் சேர்த்து ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிட்டது. இந்தக் காசுக்கு ரசீதை ஒழுங்காக எழுதித் தரலாம்.

போகிறவர்கள் பழைய மேப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பென்டிரைவ் கொண்டுபோனால் ஏற்றித் தருகிறார்கள். முடிந்தால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள், மேனிஃபோல்டு சத்தமெல்லாம் ஆறிய எஞ்சினில்தான் கேட்கும்.