அமெரிக்க அதிபரின் ஆணைகளைத் தேட: பெடரல் ரெஜிஸ்டர் இணையதளம் எப்படி?

அமெரிக்க அதிபரின் அதிகாரம் வளர்ந்த கதையை எழுதும் பலர் நிர்வாக ஆணைகளை (அரசுத் துறைகளுக்கு அதிபர் கையெழுத்திட்டுப் பிறப்பிக்கும் உத்தரவுகள்) எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 3,700-க்கு மேல், பைடன் 162. இதை மட்டும் பார்த்தால் அதிகாரம் தேய்ந்துவிட்டதாகத்தான் தோன்றும். எண்ணிக்கையை விட்டு ஆணைக்குள் நுழைய, பெடரல் ரெஜிஸ்டர் தளம் அருமையான கருவி. கட்டணம் இல்லை, கணக்கும் தொடங்க வேண்டாம்.

இது அந்நாட்டு மத்திய அரசின் அரசிதழ். பனாமா ரிஃபைனிங் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோதுதான், வழக்குக்கு அடிப்படையான விதி ஒரு திருத்தத்தில் தவறுதலாக விடுபட்டுப் போயிருந்தது வெளிப்பட்டது. விதிகளையும் ஆணைகளையும் ஒரே இடத்தில் வெளியிட வழியில்லாததே சிக்கல் என்பதால், 1935-ல் அரசிதழுக்கான சட்டம் வந்தது. 1936 மார்ச்சில் முதல் இதழ்.

அதிபர் ஆவணங்கள் பகுதியில் நிர்வாக ஆணைகளைத் திறந்து, அதிபர், ஆண்டு வாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்றவற்றில் திறக்கும் அட்டவணை) இறக்கினால் கையெழுத்துத் தேதியை வைத்தே வரிசைப்படுத்துங்கள். வெளியீட்டுத் தேதி சில நாள் பிந்தும் என்பதால், ஆட்சி மாறும் ஜனவரியில் பழைய அதிபரின் ஆணை புதியவர் கணக்கில் ஏறிவிடும்.

முக்கியமாகப் படிக்க வேண்டியது ஆணையின் முதல் வாக்கியம். எந்தச் சட்டம் தந்த அதிகாரத்தில் கையெழுத்திடுகிறார் என்பது அங்கேதான் இருக்கும். 1979 நவம்பரில் கார்ட்டர் பிறப்பித்த 12170-ஆம் ஆணையைப் பாருங்கள். 1976-ன் தேசிய அவசரநிலைச் சட்டத்தையும், 1977-ன் சர்வதேச அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தையும் காட்டி, அவசரநிலையை அறிவித்து ஈரான் அரசின் சொத்துகளை முடக்கியது. அந்த அவசரநிலையை ஆண்டுதோறும் நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். நீட்டிப்பு அறிவிப்புகள் நிர்வாக ஆணைகளில் வராது. 'பிற அதிபர் ஆவணங்கள்' பகுதியில் தேட வேண்டும். ஈரான் என்று தேடினால் இரண்டு வரிசை வரும்: நவம்பரில் நீட்டிக்கப்படுவது 1979-ன் அவசரநிலை, மார்ச்சில் நீட்டிக்கப்படுவது 1995-ல் கிளின்டன் 12957-ஆம் ஆணையில் அறிவித்தது. இவற்றைக் குழப்பிக்கொண்டால் கணக்கே தப்பாகிவிடும்.

இப்படி நீண்டுகொண்டே போவதற்கான காரணம் இந்தத் தளத்தில் கிடைக்காது. முதலில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டாலே அவசரநிலை முடிந்துவிடும், அதிபர் கையெழுத்து தேவையில்லை. 1983-ல் சட்டா வழக்கில், அதிபரின் கையெழுத்துக்கு அனுப்பாமல் நாடாளுமன்றம் இப்படி முடிவெடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அந்த வழியை அடைத்தது. இப்போது அதிபர் வீட்டோ செய்தால் (தீர்மானத்தை நிராகரித்தால்), அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2019-ல் மெக்சிகோ எல்லைச் சுவருக்காக டிரம்ப் அறிவித்த அவசரநிலைக்கு எதிரான தீர்மானத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியும் அவருடைய வீட்டோவில் அது விழுந்தது. ஆணையையும் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்காமல் அதிகாரம் வளர்ந்த விதம் பிடிபடாது.

குறைகளும் உண்டு. தேடக்கூடிய முழு உரை 1994-க்குப் பிறகுதான்; அதற்கு முந்தைய இதழ்களை அமெரிக்க அரசின் ஆவணத் தளமான கவ்இன்ஃபோவில் ஸ்கேன் பிரதிகளாகப் பார்க்கலாம். மசோதாவில் கையெழுத்திடும்போது அதிபர் வெளியிடும் விளக்க அறிக்கைகளும் ரகசியப் பாதுகாப்பு உத்தரவுகளும் இங்கே இல்லை. 1936-க்கு முந்தையவற்றுக்கு கலிபோர்னியா பல்கலைக்கழக சாண்டா பார்பரா வளாகத்தின் அமெரிக்கன் பிரசிடென்சி ப்ராஜெக்ட் தொகுப்பே கைகொடுக்கும். கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது, திரையில் தெரியும் உரையை அல்ல, கவ்இன்ஃபோவில் உள்ள பிடிஎஃப் பிரதியைக் காட்டுங்கள். சட்டப்படி அதிகாரபூர்வமானது அதுதான்.