பயிர்க்கடன்: கூட்டுறவுச் சங்கமா, வங்கியா?

வைகாசியில் மஞ்சள் நடவுக்குக் காடு தயாராகும்போதே, பணத்துக்கு எங்கே போவது என்ற பேச்சும் வந்துவிடும். ஈரோட்டுப் பக்கம் இரண்டரை ஏக்கருக்குள் கிணற்றுப் பாசனம் செய்யும் குடும்பம் எங்களுடையது. வங்கியின் கிசான் கார்டையும் (விவசாயிகளுக்கான கடன் அட்டை) விசாரித்துவிட்டு, ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில்தான் வாங்கினோம். இன்றும் என் ஓட்டு சங்கத்துக்குத்தான்.

காகிதங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு), ஆதார் இரண்டு இடத்திலும் கேட்பார்கள். சங்கத்தில் பங்குத்தொகை கட்டி உறுப்பினராக வேண்டும், நிலம் அதன் எல்லைக்குள் இருக்க வேண்டும். வங்கியில் 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணை இல்லாமல் தருகிறார்கள். ஒரே சர்வே எண்ணைக் காட்டி இரண்டு பக்கமும் வாங்க முடியாது.

முடிவு செய்ய வேண்டியது தவணைத் தேதியை வைத்துத்தான். வங்கியில் வட்டி 7 சதவீதம். ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 நிற்கும். சங்கத்தில் தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, அதை அரசு ஏற்கிறது. ஒன்றரை லட்சம் வாங்கினால் வருடத்துக்கு வங்கியில் 6,000 ரூபாய், சங்கத்தில் பூஜ்யம். ஆனால் தேதி தவறினால் கணக்கு தலைகீழாகிவிடும். வங்கியில் 6,000 என்பது 10,500 ஆகும், கூடுதல் 4,500 தான். சங்கத்திலும் அதே 7 சதவீதம் விழும், பூஜ்யத்திலிருந்து நேராக 10,500. அபராத வட்டி தனி. அதாவது, தேதி தவறுவதற்கான விலை சங்கத்தில்தான் அதிகம்.

மஞ்சள்காரர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. தை, மாசியில் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு மூட்டை கட்டினாலும், அன்றைய விலை பிடிக்காவிட்டால் யாரும் விற்பதில்லை. இருப்பு வைத்துக் காத்திருக்கும்போது தவணை வந்து நிற்கும். அதற்கு வழி இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் மூட்டையை வைத்து, அதை அடமானமாகக் காட்டிப் பொருளீட்டுக் கடன் வாங்கிப் பயிர்க்கடனை அடைத்துவிடலாம். சரக்கும் கையை விட்டுப் போகாது, வட்டியில்லாச் சலுகையும் போகாது. பொருளீட்டுக் கடனுக்கு வட்டி உண்டுதான், ஆனால் அது சில மாதங்களுக்கு மட்டும். இந்த ஏற்பாட்டை நடவுக்கு முன்னாலேயே யோசித்து வைத்திருப்பவர் தைரியமாகச் சங்கத்துக்குப் போகலாம்.

சங்கத்தில் கடனின் ஒரு பகுதியை உரமாகவே கொடுப்பார்கள். மூட்டை அங்கேயே அடுக்கியிருக்கும், எழுதி வாங்கி வண்டியில் ஏற்ற வேண்டியதுதான். அடியுரத்துக்குத் தனியாகக் கடை கடையாக அலைய வேண்டாம்.

தள்ளுபடி வரும் என்று சங்கத்துக்குப் போகிறவர்களும் உண்டு. 2006, 2016, 2021 என்று மாநில அரசு கூட்டுறவுக் கடன்களைத் தள்ளுபடி செய்தது உண்மை. 2021இல் மட்டும் 12,110 கோடி ரூபாய். ஆனால் 2016இல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும்தான் கிடைத்தது. அடுத்தது எப்போது, யாருக்கு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை நம்பித் தவணையைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம் சொட்டுநீர். அதற்குக் கடன் வாங்குவதற்கு முன் மானியத்தைப் பாருங்கள். ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்க வேண்டும். மஞ்சள், மரவள்ளி என்றால் தோட்டக்கலைத் துறை. கரும்பு, தென்னை என்றால் வேளாண்மைத் துறை. இடம் மாறிப் போனால் நாள் வீணாகும். தமிழக அரசின் உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம்.

வங்கிக்கு ஒரு விஷயம் சாதகம்: கிசான் கார்டு ஐந்து வருடத்துக்குச் செல்லும், வரவு வைத்து வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காய்கறி போட்டு வாராவாரம் பணம் பார்க்கிறவர்களுக்கு அது தோதாக இருக்கலாம். எங்களுடையது வருடத்துக்கு ஒரு வெள்ளாமை என்பதால் அந்த வசதியை நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை. மாட்டுக் கடனும் வாங்கியதில்லை, அதனால் நான் சொல்வது பயிர்க்கடனுக்கு மட்டும்தான். எந்தப் பக்கம் போனாலும், கையெழுத்துப் போடும்போதே தவணைத் தேதியை எழுதி வாங்கி, சிட்டா நகலோடு சேர்த்து வையுங்கள்.