கடலூர், புதுச்சேரி வணிகத்தில் கணக்கு கற்போருக்கு டேலி பிரைம்: ஒரு மதிப்பீடு

வணிகவியல் படித்து முடித்த இளைஞர் ஒருவர் கடலூர் லாரன்ஸ் ரோட்டுக் கடையிலோ, முதுநகர் மண்டியிலோ, சிப்காட் ஆலை அலுவலகத்திலோ வேலை கேட்டுப் போனால், பட்டச் சான்றிதழைப் புரட்டிப் பார்ப்பதற்கு முன்பே "டேலி தெரியுமா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. வரிக் கணக்கு அலுவலகத்தில் பணிபுரியும் எனக்கு டேலி என்ற அந்தக் கணக்கு எழுதும் மென்பொருளுடன் அன்றாடப் பழக்கம் உண்டு. புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் உண்டு. ஆகவே, அதன் இன்றைய வடிவமான டேலி பிரைம், வேலைக்குத் தயாராகும் ஒருவருக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கிறது, எந்த இடத்தில் அவரைத் தனியே விட்டுவிடுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவருடைய மகன் பரத் கோயங்காவும் 1986இல் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு இது. நீண்ட காலம் புழக்கத்தில் இருந்த டேலி ஈஆர்பி 9க்குப் பிறகு, 2020 நவம்பரில் டேலி பிரைம் வெளிவந்தது. பழைய வடிவத்தில் பழகியவர்களும் தடுமாறாமல் மாறிக்கொள்ளும்படி முக்கியமான விசைகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். எஃப்5 பணம் கொடுத்ததற்கு, எஃப்6 பணம் வந்ததற்கு, எஃப்7 பணம் கைமாறாத பதிவான ஜர்னலுக்கு, எஃப்8 விற்பனைக்கு, எஃப்9 கொள்முதலுக்கு என்ற வரிசை கைக்குப் பழகிவிட்டால் மவுஸைத் தொடாமலே ஒரு நாள் பில்கள் அனைத்தையும் பதிந்துவிடலாம். புதிதாக வந்த "கோ டு" வசதியால், எந்த அறிக்கை எந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது என்பதை மனப்பாடம் செய்யும் சுமையும் குறைந்திருக்கிறது.

கற்பவருக்கு இதில் உள்ள பெரிய வரம் கல்விப் பயன்முறை. உரிமம் வாங்காமலே நிறுவனத்தின் தளத்திலிருந்து தரவிறக்கி, பணம் எதுவும் கட்டாமல் பழகலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே வவுச்சர், அதாவது கொடுக்கல் வாங்கல் பதிவு, பதிய முடியும் என்பது முக்கியமான கட்டுப்பாடு. ஒவ்வொரு ஆளுக்கும் இனத்துக்கும் உரிய தனிக்கணக்கான லெட்ஜர் உருவாக்குவது, சரக்கு இருப்பு வைப்பது, ஜிஎஸ்டி விவரம் சேர்ப்பது, இருப்புநிலைக் குறிப்பைப் படிப்பது ஆகிய அனைத்தையும் வீட்டில் உட்கார்ந்தபடியே கற்றுக்கொள்ள இது போதும். இப்படி ஒரு வழி இருக்கும்போது, பென் டிரைவில் கைமாறும் திருட்டுப் பிரதிகளை மாணவர்கள் நிறுவிக்கொள்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

கடலூரில் கற்பவருக்கு வேறு பல ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு பயிற்சிக் களம் வாசலிலேயே இருக்கிறது. முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் இங்கே 33, அங்கே 34. பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் ஒரு வணிகர், 60,000 ரூபாய்க்கு முந்திரிப் பருப்பைத் திருப்பாதிரிப்புலியூர்க் கடைக்கு விற்றால், 5 சதவீத வரி 1,500 ரூபாய் மத்திய ஜிஎஸ்டியாகவும் 1,500 ரூபாய் மாநில ஜிஎஸ்டியாகவும் பிரியும். அதே மூட்டைகள் புதுச்சேரி நேரு வீதிக் கடைக்குப் போனால் 3,000 ரூபாயும் மாநிலம் கடந்த விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டியாக ஒரே தலைப்பில் விழும். வரியோடு சேர்த்து 63,000 ரூபாய் மதிப்புள்ள இந்தச் சரக்குக்குத் தமிழ்நாட்டுக்குள் இ-வே பில் (சரக்கு வண்டிக்கான மின்னணு அனுமதிச் சீட்டு) தேவையில்லை, ஏனென்றால் இங்கே வரம்பு ஒரு லட்சம். எல்லையைக் கடக்கும் வண்டிக்கோ 50,000 ரூபாயைத் தாண்டினாலே இ-வே பில் வேண்டும். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பொருள் விற்பவர் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்போது பதிவு செய்தால் போதும் என்ற விதியை மட்டும் நம்பிக்கொண்டு, வரிக்குரிய பொருளைப் புதுச்சேரிக்கு அனுப்பக் கூடாது. மாநிலம் கடந்து பொருள் விற்பவருக்கு விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். புதுச்சேரிக்குள் மட்டும் விற்பவருக்கும் வரம்பு 20 லட்சம்தான்.

இந்த வேறுபாடுகளை டேலி பிரைம் எப்படிக் கையாளுகிறது என்று பார்த்தால், அதன் வலிமையும் எல்லையும் ஒருசேரப் புலப்படும். வாங்குபவரின் லெட்ஜரில் மாநிலம் என்ற கட்டத்தில் புதுச்சேரி என்று குறித்து, 34இல் தொடங்கும் எண்ணையும் சேர்த்து, வரி லெட்ஜர்களையும் ஒழுங்காக அமைத்துவிட்டால், விற்பனை வவுச்சரில் ஐஜிஎஸ்டித் தொகையை அது தானே கணக்கிட்டுத் தரும். அந்த ஒரு கட்டத்தில் பழக்கதோஷத்தால் தமிழ்நாடு என்று விட்டுவிட்டால், அடுத்து வரும் பில்களில் வரி தவறான தலைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படிக் கட்டிய பிறகு, சரியான தலைப்பில் வரியை மீண்டும் கட்டி, முன்னர் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். சிறு வணிகரின் கைமுதல் அதுவரை முடங்கிக் கிடக்கும். பற்றும் வரவும் சமமாக இல்லாத வவுச்சரை டேலி ஒருபோதும் ஏற்காது என்பதால், திரையில் கூட்டல் சரியாக இருந்தாலே கணக்கும் சரி என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். உடைக்கும் இயந்திரம் வாங்கிய தொகையைச் சொத்துக் குரூப்பின் (லெட்ஜர்களை வகைப்படுத்தும் தலைப்பு) கீழ் வைக்காமல் செலவுக் குரூப்பின் கீழ் வைத்தாலும் கூட்டல் சரியாகத்தான் இருக்கும். அந்த ஆண்டின் லாபம் மட்டும் பொய்யாகக் குறைந்திருக்கும். மென்பொருள் தயாராகத் தரும் 28 குரூப்புகளில் எது எதற்கு உரியது என்று விளங்கிக்கொள்ளாமல் விசைகளை மட்டும் கற்றவரை, தட்டச்சு அறிந்தவர் என்று சொல்லலாமே தவிரக் கணக்கர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முந்திரியிலேயே இன்னும் கடினமான ஒரு பாடமும் இருக்கிறது. உடைக்காத முந்திரிக் கொட்டையை உழவரிடமிருந்து பதிவுபெற்ற வணிகர் வாங்கினால், அதற்கான வரியைக் கட்டும் பொறுப்பு விற்ற உழவருக்கு இல்லை, வாங்கிய வணிகருக்கே உண்டு. கொள்முதலில் கட்டிய வரிக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரி வரவைக் கொண்டு அதைக் கழிக்க முடியாது. பணமாகவே கட்டி, பிறகு அதை வரவாக எடுத்துக்கொள்ளலாம். டேலி பிரைமில் இதற்கு வசதி இருந்தாலும், அந்தச் சரக்குக்கு இந்த முறை பொருந்தும் என்று குறிப்பதும், வரிப் பொறுப்பை ஜர்னலில் பதிவதும் நம் வேலை. பண்ருட்டிப் பக்கத்துக் கணக்கு ஒன்றை ஆரம்பம் முதல் முடிவு வரை இப்படிப் பதிந்து முடித்த மாணவர், நேர்காணலில் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கல்விப் பயன்முறையின் தேதிக் கட்டுப்பாடு நடைமுறை வேலையின் ஓட்டத்தை மறைத்துவிடுகிறது. மாதாந்திரக் கணக்குத் தாக்கல் செய்வோருக்கு 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, விற்றவர்கள் காட்டிய பில்களைத் தொகுத்து 14ஆம் தேதி வாக்கில் வரும் 2பி அறிக்கையைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிடுவது, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் சுருக்கக் கணக்கான 3பி என்று மாதம் ஓடுகிறது. விற்றவர் தம் பில்லைக் காட்டாமல் விட்டிருந்தால் அந்த ஒப்பீட்டில்தான் தெரியவரும், அதன் பிறகு அவரைத் தொலைபேசியில் அழைத்து நச்சரிக்க வேண்டியதும் கணக்கரே. அந்தப் பொறுமையையும் பேச்சுத் திறனையும் வீட்டில் இருந்தபடி பழக இயலாது. பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் அச்சிட்ட புத்தகத்துப் பயிற்சிக் கணக்குகளையே எல்லோருக்கும் கொடுத்துச் சான்றிதழ் வழங்கிவிடுவதும் இந்தக் குறையைப் பெரிதாக்குகிறது. சேர்வதற்கு முன், உண்மையான கொள்முதல் பில்களை வைத்துப் பயிற்சி தருவீர்களா, வங்கிக் கணக்கு ஒப்பீட்டைச் செய்யச் சொல்வீர்களா என்று இந்த இரண்டையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. இது விண்டோஸ் கணினிக்கான மென்பொருள் என்பதால், கைப்பேசியை மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு ஏதேனும் ஒரு கணினி கிடைத்தாக வேண்டும் என்ற சிரமமும் இருக்கிறது.

வாங்குவதைப் பொறுத்தவரை, கற்பவர் எவரும் உரிமத்துக்குச் செலவழிக்கத் தேவையில்லை. ஒரே கணினியில் கணக்கு எழுதும் கடைக்குச் சில்வர் உரிமமே போதும். அதற்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதால், புதிதாகத் தொழில் தொடங்குபவர் முதலில் வாடகை முறையில் எடுத்துப் பார்க்கலாம். நிறுவனப் பதிவு பெற்ற கம்பெனிகள், திருத்தங்களின் தடம் பதியும் மென்பொருளையே 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். அவர்கள் அந்தத் தடத்தைப் பதியும் எடிட் லாக் வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் கிளை வைத்திருப்பவர்களுக்கு 3.0 பதிப்பிலிருந்து ஒரே நிறுவனக் கணக்குக்குள் 33, 34 ஆகிய இரண்டு பதிவுகளையும் வைத்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. முன்பு இரண்டு கணக்குகளைத் தனித்தனியே எழுதிவிட்டு ஆண்டு முடிவில் சேர்க்கப் பாடுபட்டவர்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே புதிய பதிப்புக்கு மாறச் சொல்வேன். மாறும்போது, பழைய தரவைப் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, கிளைகளுக்கிடையே அனுப்பிய சரக்குப் பில்களை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.