பாங்காக்குக்குத் திட்டம் எழுதித் தரும் முத்தியால்பேட்டை அக்கா

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு அக்கா வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் மட்டும் எழுதித் தருகிறார். டிக்கெட் போட்டுத் தரமாட்டார், ஓட்டலில் கமிஷன் வாங்கமாட்டார், கூடவும் வரமாட்டார். நாம் யார், என்ன சாப்பிடுவோம், எவ்வளவு தூரம் நடப்போம் என்று கேட்டுக்கொண்டு, காலை முதல் இரவு வரை எங்கே எப்படிப் போக வேண்டும் என்று எழுதி வாட்ஸப்பில் அனுப்புவார். எங்கள் குடும்பத்துக்கு 3,000 ரூபாய் வாங்கினார். கடலூரிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் அத்தையும் அரையாண்டு விடுமுறையில் பாங்காக் போய்வந்தது அந்தத் திட்டத்தை வைத்துத்தான். ஒற்றை ஆளாகச் செய்வதால் கூட்டம் சேர்ந்தால் தாங்காது, பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கே அவர் வெறும் அக்காதான்.

முதலில் எங்கள் ஊரிலேயே ஒரு பேக்கேஜ் விசாரித்தோம். ‘நான்கு இரவு, ஐந்து பகல்’. அதில் பாதி பட்டாயாவுக்குப் போய்விடுகிறது. பாங்காக்கிலிருந்து பட்டாயாவுக்குச் சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பிறகு பவளத் தீவு, சஃபாரி வேர்ல்ட், நடுவில் ஒரு ரத்தினக் கடை. அந்தக் கடையில் எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்கள் என்று, ஏற்கெனவே அப்படிப் போய்வந்த எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் சொல்லியிருந்தார். அரண்மனைக்கு அவர்களுக்குக் கிடைத்ததைவிட ரத்தினத்துக்குக் கிடைத்த நேரம் அதிகமாம். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி. இந்தப் பட்டியலில் அவருக்கென்று ஒரு வரிகூட இல்லை.

அக்கா போனில் முதலில் கேட்டது பட்ஜெட் இல்லை. “உங்க அத்தை காலையில எத்தனை மணிக்கு எழுந்துப்பாங்க?” என்றார். “மார்கழியில நாலு மணிக்கே எழுந்து குளிச்சிட்டு பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போயிடுவாங்கக்கா, திருவெம்பாவை பாட” என்றேன். “பூண்டு, வெங்காயம்?” “மார்கழி முழுக்க கிடையாது.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்போ அவங்க பாங்காக்குக்குத்தாம்மா போகணும். சிங்கப்பூரை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது திட்டம் வந்த பிறகுதான் புரிந்தது.

சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரம்தான். ஆனால் பல விமானங்கள் நள்ளிரவையொட்டிக் கிளம்பி விடியற்காலையில் இறக்கிவிடும். ஓட்டல் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள், அந்தக் காசைப் பார்க்காதீர்கள் என்று அக்கா எழுதியிருந்தார். கடலூரிலிருந்து காரில் கிளம்பி, விமானத்தில் தூக்கமில்லாமல் போய் இறங்கிய அத்தை, அறைக்குப் போய்ப் படுத்து பதினோரு மணிக்குத் தெளிவாக எழுந்தார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்.

தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே 1 முதல் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும், கட்டணம் எதுவும் கிடையாது. அதற்கே காசு கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன என்று எச்சரித்து, அரசுத் தளத்தின் முகவரியை அக்கா தனியாக அனுப்பினார். நிரப்பிவிட்டோமா என்று கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை கேட்கவும் செய்தார்.

திட்டத்தின் உயிர் ஒரே ஒரு ரயில் பாதைதான். சீலோம் பக்கம் தங்கச் சொன்னார். அங்கிருந்து மெட்ரோவின் நீலப் பாதையில் ஏறினால், வாட் மங்கோன் நிலையத்தில் இறங்கிச் சீனர் தெருவான யாவராட்டுக்குப் போகலாம். அடுத்தது சாம் யோட், பெரிய ஊஞ்சலுக்கு. அதற்கடுத்தது சனாம் சாய், வாட் போ என்ற புத்தர் கோயிலுக்கும் அரண்மனைக்கும். இந்தப் பகுதி 2019-இல்தான் திறந்தது. அதற்கு முன்னால் போனவர்கள் டாக்ஸியில் நெரிசலில் கிடந்ததைத்தான் சொல்வார்கள். எல்லா இடத்திலும் லிஃப்ட் உண்டு. வெளிநாட்டில் பயன்படுத்த அனுமதி வாங்கிய வங்கி அட்டையைத் தட்டினால் கதவு திறக்கிறது. மாற்று ரயில், சீட்டு வரிசை என்று எதுவும் இல்லாததால் அத்தைக்கு மறுநாளே பழகிவிட்டது. அடுத்தது எந்த நிலையம் என்று அவரே எங்களுக்குச் சொன்னார்.

அரண்மனைக்கு 500 பாட் கட்டணம். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கும் மேல். எட்டரைக்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள், வெளியில் யாராவது “இன்று மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்” என்றால் நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள் என்பது குறிப்பு. அப்படியே ஒருவர் வந்தார், நாங்கள் நடந்தோம். உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றியிருக்கும் பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம், 178 ஓவியங்கள். அனுமன் வெள்ளையாக இருக்கிறார். ராட்சசர்கள் தங்க ஆபரணத்தில் ஜொலிக்கிறார்கள். கூட்டம் புத்தரைப் பார்க்க ஓட, அத்தை சுவரோடு சுவராக நடந்து, சேது கட்டும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். வெயில் ஏறியதும் வாட் போ. 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம், படுத்த நிலையில் புத்தர். பாதத்தில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். அதே வளாகத்தில் பாரம்பரியத் தாய் மசாஜ் பள்ளி இருக்கிறது. அத்தைக்குப் பாத மசாஜ் என்று அக்கா எழுதியிருந்ததைக் கூச்சத்தில் நாங்கள் தவிர்க்கப் பார்த்தோம். அத்தைதான் விடவில்லை.

இனி ஊஞ்சல். சிவப்பு வண்ணத்தில் இரண்டு மாபெரும் தூண், மேலே குறுக்குச் சட்டம், 21 மீட்டர் உயரம். முதலாம் ராமர் என்ற அரசர் காலத்தில் 1784-இல் நிறுவியது. இப்போது நிற்பது 2007-இல் புதுத் தேக்கு மரங்களைக் கொண்டு எழுப்பியது. முன்பு அரசவைப் பிராமணர்கள் இதில் பலகை கட்டி வானளாவ ஆடி, மூங்கில் முனையில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்களாம். 1930-களில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த விழாவின் பூசை நிற்கவில்லை. பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற கோயில். சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சன்னிதி. நம் மார்கழியை ஒட்டி ஆண்டுதோறும் அங்கே நடக்கும் அந்தப் பூசையில் தாய் பிராமணர்கள் ஓதுவதில் திருவெம்பாவையும் உண்டு. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்ததால் உச்சரிப்பு நமக்குப் பிடிபடாத அளவுக்கு மாறிப்போயிருக்கிறது. ஆனாலும் பாட்டு அதுதான்: தில்லையில் சிவனோடு கலந்ததாக நாம் சொல்லும் மாணிக்கவாசகரின் பாட்டு, கடல் தாண்டி.

இதைத் திட்டத்தில் அக்கா பெரிய எழுத்தில் எழுதி, ‘அத்தையிடம் அங்கே போய்ச் சொல்லுங்கள், முன்கூட்டியே சொல்ல வேண்டாம்’ என்று போட்டிருந்தார். சொன்னோம். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. சிவன் சன்னிதி முன்னால் நின்று முதல் பாட்டிலிருந்து இருபதாம் பாட்டு வரை பாடினார். மூன்றாவது பாட்டின்போது அங்கே வேலை செய்யும் ஒருவர் உள்ளே போய் நாற்காலி எடுத்துவந்து போட்டார். எந்த பேக்கேஜிலும் இதற்கு இடம் கிடையாது. பாங்காக் என்றால் எல்லோருக்கும் ஒரே பாங்காக் என்று நினைப்பவர்களால் இதை எழுதவே முடியாது. நான் 3,000 ரூபாய் கொடுத்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயிலும் உண்டு. தமிழர்கள் 1879-இல் கட்டியதாகச் சொல்கிறார்கள். முன்னின்றவர் வைத்தி படையாட்சி. தென்னாற்காடு பக்கம் ஊருக்கு ஊர் கேட்கும் பெயர். உள்ளே படம் எடுக்கக் கூடாது. கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். தட்டில் தேங்காயும் பழமும் சாமந்தி மாலையும் வைத்துக்கொண்டு அவ்வளவு பயபக்தியாக நிற்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சைவக்காரர்களுக்கு பாங்காக் கஷ்டம் என்று பலரும் பயமுறுத்தினார்கள். எதிலும் மீன் சாறு ஊற்றுவார்கள் என்பது உண்மை. காய்கறி வதக்கலில்கூட அது இருக்கும். ஆனால் ‘ஜே’ என்று ஒரு வகைச் சாப்பாடு இருக்கிறது. சீன பௌத்த விரத முறை. மீன், முட்டை, பால் இல்லை. அதோடு பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்கமாட்டார்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து, பார்க்க 17 என்ற எண் மாதிரி இருக்கும். அதைப் படமாக அனுப்பி, “பதினேழு இருக்கிற கடையில அத்தையை நம்பி உட்கார வைங்க” என்றிருந்தார் அக்கா. யாவராட் சந்துகளில் அப்படி ஒரு கடையில் காளான் போட்ட நூடுல்ஸும் டோஃபு குழம்பும் சாப்பிட்ட அத்தை, இரண்டாம் தட்டு கேட்டார். மார்கழி விரதம் கெடாமல் வெளிநாட்டில் வயிறு நிறையச் சாப்பிட முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் துறைமுகத்து மீன் சாப்பிட்டு வளர்ந்தவர். அவருக்கு எலுமிச்சைச் சாற்றில் ஆவி கட்டிய மீன், தாய் மொழியில் ‘ப்ளா கபோங் நெங் மனாவ்’. கபோங் வேறெதுவும் இல்லை, நம் கொடுவா. முழு மீனை உலோகத் தட்டில் வைத்து, கீழே தணல் கனிய, மேலே பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லி, எலுமிச்சை. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. கொடுவாயைக் குழம்பிலும் வறுவலிலும் மட்டுமே தின்றவர் அன்று பேசாமல் சாப்பிட்டார். எனக்குப் பிடித்தது கானோம் க்ரோக்: குழிக்கல்லில் தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் ஊற்றிச் சுடுவது, நம் குழிப்பணியாரம் மாதிரியே, உள்ளே மட்டும் இளகலாக இருக்கும். சூட்டோடு வாயில் போடாதீர்கள்.

ஓர் தோர் கோர் சந்தைக்கு அதே நீலப் பாதையில் கம்பேங் பெட் நிலையம். பம்பளிமாஸ் உரித்துத் தருகிறார்கள், அதற்கு உப்பு, சர்க்கரை, மிளகாய் கலந்த பொடி. டிசம்பரில் பலாச்சுளையும் கிடைத்தது. பண்ருட்டியில் பிறந்த அத்தை ஒன்றைக் கடித்து, “மொறுமொறுன்னு இருக்கு, வாசனை எங்க?” என்றார். நானும் அப்படியே நினைத்தேன். மாம்பழத்தோடு தரும் ஒட்டரிசிச் சோற்றுக்கு ஏப்ரல், மே மாதங்கள்தான் காலம், டிசம்பரில் அதற்காக அலையாதீர்கள் என்று அக்கா எழுதியதும் சரியே.

குறை என்றால் படகைச் சொல்வேன். சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி படகில் 16 பாட் கொடுத்து வாட் அருண் கோயில் பக்கம் போகச் சொல்லியிருந்தார். காட்சி அருமை. ஆனால் துறையில் படகு நிற்கும் நேரம் மிகக் குறைவு, ஆட்டத்தோடே காலை வைத்துத் தாண்ட வேண்டும். முட்டி வலிக்காரருக்கு இது சரிப்படாது. அத்தையை இருவரும் இரண்டு கையைப் பிடித்துத் தூக்கியது போலத்தான் ஏற்றினோம். முட்டியைப் பற்றி அவ்வளவு விவரமாகக் கேட்டவர் இதைத் தவிர்த்திருக்க வேண்டும். திரும்பி வந்து சொன்னேன். வாதாடவில்லை, வயதானவர்கள் உள்ள திட்டங்களில் இனிமேல் படகை எடுத்துவிடுகிறேன் என்றார். இன்னொன்று, திட்டம் போனில் படிக்க மிகச் சின்ன எழுத்தில் வருகிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போனோம்.

பகலில் அவர் போன் எடுப்பதில்லை, இரவு எட்டு மணிக்கு மேல்தான் பேசுவார். பாதிப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒரு மாதத்தில் சில குடும்பங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்பதால், அரையாண்டு விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் செப்டம்பரிலேயே பேசிவிடுவது நல்லது. எண் வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தருகிறேன். பேசும்போது வீட்டில் யாருக்கு என்ன மருந்து, என்ன விரதம், எது பிடிக்காது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார்.