நீரில் ஹார்மோன் தடயம்: எந்தச் சோதனையின் பேச்சை எவ்வளவு நம்பலாம்?

ஆற்று நீர் ஆய்வறிக்கையில் எத்தினைல் எஸ்ட்ரடியால் (கருத்தடை மாத்திரைகளில் உள்ள செயற்கைப் பெண் ஹார்மோன்) என்ற பெயருக்கு நேராக "கண்டறியப்படவில்லை" என்று எழுதியிருந்தால், நான் முதலில் தேடுவது பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் கண்டறியும் வரம்பைத்தான், அதாவது அந்தச் சோதனையால் பார்க்க முடிந்த மிகச் சிறிய அளவை. அங்கே லிட்டருக்கு 1 நானோகிராம் என்று இருந்தால், அந்த வரி ஆற்றைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் வெளியிட்ட முதல் நீர்க் கண்காணிப்புப் பட்டியல், இந்தப் பொருளுக்கான சோதனை 0.035 நானோகிராம் வரை இறங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. உடலில் இயற்கையாகச் சுரக்கும் பெண் ஹார்மோன்களான எஸ்ட்ரோனுக்கும் எஸ்ட்ரடியாலுக்கும் 0.4 நானோகிராம். (இந்த மூன்றும் ஈஸ்ட்ரோஜன் என்ற வகையைச் சேர்ந்தவை.) ஆக, 1 நானோகிராமோடு நின்றுவிடும் சோதனை, பார்க்க வேண்டிய ஆழத்துக்கு முப்பது மடங்கு மேலேயே நின்றுவிடுகிறது.

இந்த எண்ணின் சிறுமை மனதில் பதிய ஒரு கணக்கு. கருத்தடை மாத்திரை ஒன்றில் 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடியால் இருப்பது வழக்கம். அது முழுவதும் கரைந்தால், எட்டரை லட்சம் லிட்டர் சுத்தமான நீரை அந்த 0.035 அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே ஒரு மாத்திரை! ஆனால் பழியை மாத்திரையின் மேல் மட்டும் போட்டுவிடக் கூடாது. எஸ்ட்ரோனும் எஸ்ட்ரடியாலும் எல்லா மனிதர்களின் சிறுநீரிலும் கால்நடைகளின் சாணத்திலும் வெளியேறுகின்றன. மாத்திரையில் இருப்பது செயற்கைப் பொருள் என்பதால் எளிதில் சிதையாமல் அதிக நாள் தங்குகிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும் என்ற சந்தேகம் நியாயமானது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 260ஆம் எண் ஏரியில், 2001 முதல் 2003 வரை, நீரில் 5 முதல் 6 நானோகிராம் இருக்கும்படி இந்த ஹார்மோனைக் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடலில் முட்டைக் கருவுக்கான புரதமான விட்டெல்லோஜெனின் உருவானது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீனின் கூட்டம் அந்த ஏரியில் கிட்டத்தட்ட அற்றே போனது. கலப்பதை நிறுத்திய பின் சில ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டது. அதனால்தான் எந்த முறையை வைத்துத் தேடுகிறோம் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

கருவிக்கு முன்னால் நடப்பது

முறைகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் கருவிக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் பாதித் தவறு கருவியின் வாசலுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். இந்த ஹார்மோன்கள் நீரைவிட எண்ணெய்ப் பசையை விரும்புகிறவை. பிளாஸ்டிக் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பழுப்புக் கண்ணாடி பாட்டில்தான் சரி. குளோரின் கலந்த நீராக இருந்தால் உடனே தயோசல்பேட் போட்டுக் குளோரினை முறிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகத்துக்கு வருவதற்குள் அது ஹார்மோனைத் தின்றுவிடும். நுண்ணுயிர்களும் சும்மா இருப்பதில்லை. கழிவுநீர் மாதிரியை ஒரு நாள் வெளியே வைத்தாலே எஸ்ட்ரடியால் எஸ்ட்ரோனாக மாறத் தொடங்கிவிடும்.

கழிவுநீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடல் இந்த ஹார்மோன்களை அப்படியே வெளியே விடுவதில்லை. சல்பேட்டோ குளுக்குரோனைடோ சேர்த்துக் கட்டி, செயலற்ற வடிவில் அனுப்புகிறது. சாக்கடையில் இருக்கும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் நொதி, முக்கியமாகக் குளுக்குரோனைடுக் கட்டை, அவிழ்த்துவிடுகிறது. எனவே சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாயிலில் கட்டுப்படாத ஹார்மோனை மட்டும் அளந்தால், உள்ளே வரும் மொத்தத்தில் ஒரு பகுதியைத் தவறவிட்டு, நிலையம் வேலை செய்யும் திறனைத் தப்பாகக் கணக்கிடுவோம். வண்டலை வடிகட்டி எறிந்துவிட்டு நீரை மட்டும் சோதித்தால், வண்டலில் ஒட்டியிருந்ததும் கணக்கில் வராது.

அப்புறம் செறிவூட்டல். ஒரு லிட்டர் நீரை எஸ்பிஇ கார்ட்ரிட்ஜ் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் பொருள் நிரப்பிய சிறு குழாய்) வழியாக மெல்ல ஓடவிட்டு, பிடித்துக்கொண்டதை மெத்தனாலில் கழுவி எடுத்து, அரை மில்லிலிட்டராகச் சுருக்குகிறோம். இரண்டாயிரம் மடங்கு. 0.035 நானோகிராம் இருந்த நீரானால் அந்த அரை மில்லியில் 35 பிகோகிராம் கிடக்கும். அதிலிருந்து 20 மைக்ரோலிட்டரைக் கருவிக்குள் செலுத்தினால் போவது 1.4 பிகோகிராம். ஹார்மோனோடு சேர்ந்து நீரில் இருந்த ஹியூமிக் அமிலம் (மக்கிய இலைதழைகளிலிருந்து வருவது), சோப்பு, கொழுப்பு எல்லாமும் அதே அளவு செறிந்துதான் வருகின்றன. மேலே சொன்ன சின்ன எண் எவ்வளவு கூட்டத்துக்கு நடுவே தேடப்படுகிறது என்பது இங்கேதான் புரியும்.

எல்சிஎம்எஸ், ஜிசிஎம்எஸ்: பெயர் சொல்லத் தெரிந்தவை

திரவத்தில் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காணும் இரட்டை எல்சிஎம்எஸ்தான் இன்று பெரும்பாலான ஆய்வகங்களின் முதல் தேர்வு. எஸ்ட்ரோன் எவ்வளவு, எஸ்ட்ரடியால் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் ஏழு ஹார்மோன்களைத் தேட வகுத்த 539ஆம் முறை இந்த வகைதான். குடிநீர் சுத்தமான நீர். அங்கே இது அழகாக வேலை செய்கிறது.

கழிவுநீரில்தான் தடுமாறுகிறது. ஈஸ்ட்ரோஜன்கள் எளிதில் மின்னூட்டம் ஏற்காதவை. கூடவே வரும் மற்ற பொருட்கள் அயனியாகும் போட்டியில் முந்திக்கொண்டு, ஹார்மோனின் சைகையை அமுக்கிவிடுகின்றன. கருவி பார்க்கிறது, ஆனால் பாதியைத்தான் பார்க்கிறது. இதற்கு நேர்மையான மருந்து ஒன்றுதான்: டியூட்டீரியம் அல்லது கார்பன்-13 என்ற கனமான அணுக்கள் (ஐசோடோப்புகள்) சேர்ந்த அதே ஹார்மோனைத் தெரிந்த அளவில், செறிவூட்டலுக்கு முன்பே மாதிரியில் போட்டுவிடுவது. எது அமுங்கினாலும் இரண்டும் ஒன்றாகவே அமுங்கும், விகிதம் மாறாது. இந்த ஐசோடோப்பு துணை இல்லாமல் கழிவுநீர் எண்ணைத் தரும் ஆய்வகத்தின் அறிக்கையை நான் ஒதுக்கி வைத்துவிடுவேன்.

சைகையைக் கூட்ட இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்று, ஓடும் திரவத்தில் அம்மோனியம் ஃபுளோரைடு சேர்ப்பது. மற்றது, ஹார்மோனின் ஃபீனால் என்ற வளையப் பகுதியில் டான்சில் குளோரைடு என்ற வினைப்பொருளைக் கட்டிவிடுவது. டான்சில் கட்டினால் சைகை பல மடங்கு உயரும்; 0.035ஐத் தொட நினைக்கிற பலர் இதைத்தான் நாடுகிறார்கள். ஆனால் கருவி மூலக்கூறை உடைக்கும்போது கிடைக்கும் முக்கியத் துண்டு ஹார்மோனிலிருந்து வருவதில்லை, நாம் கட்டிய டான்சிலிலிருந்து வருகிறது. டான்சில் ஒட்டிய எந்த ஃபீனாலும் அதே துண்டைத் தரும். உணர்திறன் கூடும்போது அடையாளத்தின் உறுதி கொஞ்சம் குறைகிறது. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். அது போதாத இடத்தில் மட்டும் இரண்டாவது.

பொருளை ஆவியாக்கிப் பிரித்து நிறையைப் பார்க்கும் ஜிசிஎம்எஸ் பழைய கை. அயனியாக்கத்தை மற்ற பொருட்கள் அமுக்கும் தொல்லை இதில் மிகக் குறைவு. உயர் பிரிதிறன் கருவி இருந்தால் மிகக் கீழே இறங்கும். அதே அமெரிக்க முகமையின் 1698ஆம் முறை இதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் ஹார்மோன்கள் எளிதில் ஆவியாவதில்லை. முதலில் சிலைல் தொகுதி சேர்த்து ஆவியாகும்படி மாற்ற வேண்டும். அந்த இடத்தில் ஒரு மோசமான கண்ணி இருக்கிறது. கரைப்பானையும் வினைப்பொருளையும் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், எத்தினைல் எஸ்ட்ரடியாலின் ஒரு பகுதி எஸ்ட்ரோனின் வடிவத்துக்கு மாறிவிடும். மிக ஆபத்தான பொருள் குறைவாகவும், அதைவிட வலுக்குறைந்த பொருள் கூடுதலாகவும் அறிக்கையில் வரும். பிரிடினில் வினையை நடத்தினால் இதைத் தவிர்க்கலாம்; இது தெரியாமல் வந்த பழைய எண்களைப் படிக்கும்போது கவனம் தேவை.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். எஸ்ட்ரடியாலுக்கு ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வடிவங்கள். நிறையும் உடையும் விதமும் ஒன்றுபோலவே இருக்கும். மாட்டுச் சாணத்தில் ஆல்ஃபா அதிகம், அதன் வலிமையோ மிகக் குறைவு. பிரிக்கும் குழாயில் இரண்டும் தனித்தனியாக வராவிட்டால், மாட்டுப் பண்ணைக்குக் கீழே ஓடும் ஓடையின் எண் தேவையில்லாமல் பயமுறுத்தும்.

எலைசா

எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) வைத்து ஹார்மோனைப் பிடிக்கும் சோதனை இது. மலிவு, வேகம். ஒரே தட்டில் 96 குழிகள், மாலைக்குள் விடை. ஆனால் எதிர்ப்பொருள் உருவத்தைப் பார்த்துப் பிடிப்பது; உருவம் ஒத்த உறவுக்காரர்களையும் பிடித்துக்கொள்ளும். ஹியூமிக் அமிலம் நிறைந்த ஆற்று நீரில் இல்லாத ஹார்மோனை இருப்பதாகச் சொல்லிவிடும். ஒரே சுத்திகரிப்பு நிலையத்தில் பல இடங்களை ஒப்பிட்டு, எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்க்க இது நல்ல துணை. அதன் எண்ணை மட்டும் வைத்து ஒரு ஆற்றுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

உயிரணுச் சோதனை: வேலையை அளப்பது

மேலே சொன்ன எல்லாம் நாம் பெயர் சொல்லித் தேடும் பொருளைத்தான் காட்டும். பட்டியலில் இல்லாதது கண்ணில் படாது. ஆற்றிலோ எஸ்ட்ரோனும், நோனைல்ஃபீனால், பிஸ்ஃபீனால் ஏ போன்ற தொழிற்சாலை வேதிப்பொருட்களும் ஒன்றாகக் கலந்துதான் மீனின் ஏற்பியை (ஹார்மோனை உணரும் புரதத்தை) தட்டுகின்றன. தனித்தனியே வரம்புக்குக் கீழே இருப்பவை சேர்ந்து வரம்பைத் தாண்டலாம். அந்தக் கூட்டு விளைவை அளக்க வந்ததுதான் உயிரணுச் சோதனை.

ஈஸ்ட் நுண்ணுயிருக்குள் மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை வைத்து, அது தூண்டப்பட்டால் நிறம் மாறும்படி செய்த முறை 1990களிலேயே வந்துவிட்டது. மனித உயிரணுவில் லூசிஃபெரேஸ் என்ற ஒளிதரும் நொதியை வைத்து ஒளிரச் செய்யும் முறை இன்னொன்று. 2018இல் ஐஎஸ்ஓ 19040 என்ற மூன்று பாகச் சர்வதேசத் தரநிலை இரண்டு வகைகளையும் ஏற்றுக்கொண்டது. ஈஸ்ட் முரட்டுத்தனமானது, நச்சுள்ள கழிவுநீரையும் தாங்கும், வளர்க்கச் செலவு குறைவு. மனித உயிரணு அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கூர்மையானது. ஆனால் கழிவுநீரின் நச்சில் எளிதில் செத்துப்போகும். செத்த உயிரணு ஒளிராது, ஒளிராததைச் "சுத்தம்" என்று படித்துவிடும் அபாயம் இருக்கிறது. ஒவ்வொரு தட்டிலும் உயிரணுக்கள் பிழைத்திருக்கின்றனவா என்று தனியாகச் சோதிப்பது கட்டாயம்.

இதன் விடை ஒரே எண்ணாக வரும்: இந்த நீர் இத்தனை நானோகிராம் எஸ்ட்ரடியாலுக்குச் சமமாக வேலை செய்கிறது என்று. யார் செய்தார்கள் என்று சொல்லாது. இன்னொரு குறையும் உண்டு. குழிக்குள் எத்தினைல் எஸ்ட்ரடியால் எஸ்ட்ரடியாலை ஒட்டிய வலிமையோடுதான் தெரியும். உயிருள்ள மீனில் அது பத்து மடங்குக்கும் மேல் கடுமையானது, ஏனென்றால் உடல் அதை எளிதில் சிதைத்து வெளியேற்ற முடிவதில்லை. ஆக இந்தச் சோதனை ஆபத்தைக் குறைத்துக் காட்டும் பக்கம் சாய்கிறது. அப்படி இருந்தும் இதைத்தான் முதலில் வைப்பேன், ஏனென்றால் எதிர்பாராததையும் இது காட்டும்.

ஈஸ்ட்ரோஜன் சோதனை ஈஸ்ட்ரோஜனைத்தான் பார்க்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பல கருத்தடை மாத்திரைகளின் இன்னொரு பாதியான, வேறு வகை ஹார்மோனான லெவோநார்ஜெஸ்ட்ரல், லிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் குறைவான அளவிலேயே மீனின் முட்டையிடலைக் குறைத்ததாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. அதற்குத் தனி ஏற்பி, தனித் தட்டு வேண்டும்.

உணரிகள்

ஆப்டமர் (குறிப்பிட்ட பொருளைப் பிடிக்கும் டிஎன்ஏ இழை), பொன் நானோதுகள், அச்சுப் பதித்த பாலிமர் (ஹார்மோனின் உருவத்துக்கு ஏற்ற குழி கொண்ட பிளாஸ்டிக்) என்று ஆய்விதழ்களில் புதிய உணரிகள் தொடர்ந்து வருகின்றன. ஆற்றங்கரையில் வைத்து நிமிடங்களில் விடை பெறும் நாளை நானும் ஆசையோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் ஒரு கட்டுரையில் மிகச் சிறிய கண்டறியும் வரம்பு இருந்தால், அது எந்த நீரில் கிடைத்தது என்று பாருங்கள். ஆய்வகத்தில் தயாரித்த சுத்தமான தாங்கல் கரைசலில் கிடைத்த எண்ணை, நுரைக்கும் கழிவுநீருக்குப் பொருத்த முடியாது.

எங்கே எது

கழிவுநீர் வெளியேறும் இடத்துக்கு: ஒரு வாளி நீரை அள்ளி வருவதில் பயனில்லை. காலையும் இரவும் ஹார்மோன் அளவு மாறும். 24 மணி நேரக் கூட்டு மாதிரி எடுத்து, முதலில் ஈஸ்ட் சோதனை. விளைவு தெரிந்தால் அதே சாற்றை ஐசோடோப்பு துணையோடு எல்சிஎம்எஸ்ஸுக்கு அனுப்பி யார் என்று கேட்கலாம். கண்ட பொருட்களின் வலிமையைக் கூட்டினால் உயிரணுச் சோதனையின் எண் வருகிறதா என்று பார்ப்பது மிகப் பயனுள்ள வேலை. வராவிட்டால், தெரியாத ஏதோ ஒன்று அந்த நீரில் வேலை செய்கிறது.

ஆறு, ஏரிக்கு மனித உயிரணுச் சோதனை. அதோடு, போசிஸ் எனப்படும் உறிஞ்சு வட்டை இரண்டு முதல் நான்கு வாரம் நீரில் தொங்கவிட்டால், அந்தக் காலம் முழுவதற்குமான சராசரி கிடைக்கும். நீரின் வேகம் மாறினால் உறிஞ்சும் வேகமும் மாறும் என்பதால் அந்த எண்ணைத் துல்லியமானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடிநீருக்கு நேராக எல்சிஎம்எஸ் போதும். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் எஸ்ட்ரடியாலுக்கு வைத்த வழிகாட்டு அளவான 1 நானோகிராமை நல்ல ஆய்வகம் தொட்டுவிடும்.

பணம் ஒரே ஒரு முறைக்குத்தான் இருக்கிறது என்றால், ஆற்றுக்கு உயிரணுச் சோதனையைத்தான் கேட்பேன். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், "கண்டறியப்படவில்லை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தக் குறிப்பிட்ட நீரில், அந்தக் குறிப்பிட்ட நாளில் எட்டிய கண்டறியும் வரம்பையும், மாதிரியில் போட்ட ஐசோடோப்பில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது என்பதையும், ஹார்மோன் இல்லாத வெற்று நீரை அதே வழியில் சோதித்தபோது வந்த எண்ணையும் ஆய்வகத்திடம் எழுதி வாங்குங்கள்.