பங்கோரா, லங்காவியா, பினாங்கா? ஓடுகிறவர்களுக்கு எந்தத் தீவு?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் காலை ஆறரைக்கு இருட்டு விலகியிருக்காது. அந்த நேரத்தில் நாங்கள் ஆறு பேர் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிக்கொண்டிருப்போம். லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) நாய்கள் ஒரு காலத்தில் துரத்தின. இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை. டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு தீவுக்குப் போவது, காலையில் ஓடுவது, மற்ற நேரமெல்லாம் கடலில் கிடப்பது என்று முடிவாகி இரண்டு மாதமாகிறது. எந்தத் தீவு என்பதில்தான் சண்டை.

தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற மாமா லங்காவி என்கிறார். தங்கை வீட்டுக்காரருக்குப் பினாங்கு. எனக்குப் பங்கோர். தியோமானையும் பெர்ஹெந்தியானையும் யாரோ இழுத்தார்கள். டிசம்பரில் கிழக்குக் கரையில் பருவமழை. கடல் கொந்தளிக்கும், விடுதிகள் பலவும் மூடிக்கிடக்கும். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

என் அளவுகோல் ஒன்றுதான். அறை வாசலில் காலணியைக் கட்டி, அங்கிருந்தே ஓடத் தொடங்கி, திரும்பி வந்து குளித்துவிட்டு, நடந்தே போய்க் காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்க முடிகிறதா? இது லங்காவியில் பட்டுத் தெரிந்துகொண்டது. மூன்று வருடத்துக்கு முன் அங்கே ஒரு விடுதியில் அறை எடுத்தேன். ‘கடற்கரைக்கு ஐந்து நிமிடம்’ என்று போட்டிருந்தார்கள். காடியில், அதாவது காரில், ஐந்து நிமிடம்! வாசலில் இறங்கினால் நடைபாதை இல்லாத சாலை. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் காதை உரசிக்கொண்டு போகும் வேன்கள். முதல் நாள் அதில் ஓடிப் பார்த்தேன். அடுத்த இரண்டு நாளும் காடியில் கடற்கரைக்குப் போய், ஓடி முடித்து, வாடகைக் காடி நனையாமலிருக்க இருக்கையில் துண்டை விரித்து உட்கார்ந்து திரும்பினேன்.

அதற்காக லங்காவியைக் குறை சொல்லிவிட முடியாது. 2000-ஆம் ஆண்டிலேயே அயர்ன்மேன் போட்டி நடந்த தீவு அது: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான். 881 மீட்டர் உயர குனோங் ராயாவுக்கு உச்சி வரை தார்ச்சாலை இருக்கிறது. ஏற்றம் பிடித்தவர்களுக்கு அது விருந்து. பந்தாய் செனாங்கில் நீர் வற்றும் நேரம் ஈரமணல் இறுகிக் கிடக்கும், வெறுங்காலில் ஓடலாம். சிக்கல் அதன் பரப்பளவில். சுற்றியுள்ள குட்டித் தீவுகளையும் சேர்த்தால் சுமார் 478 சதுர கிலோமீட்டர். பங்கோர் ஏறக்குறைய 18. உள்ளே இருபத்தைந்து பங்கோரைப் போடலாம். செனாங்கிலேயே அறை எடுத்தால் என் அளவுகோலில் தேறிவிடும். ஆனால் குனோங் ராயாவுக்கோ வடக்குக் கடற்கரைக்கோ போக காடி வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கோலப் பெர்லிஸ் வரை ஓட்டி, அங்கே ஃபெர்ரி ஏறி, இறங்கியதும் மறுபடி ஒரு காடி எடுக்க வேண்டும். இன்னொன்று, லங்காவி மேற்கே தள்ளியிருப்பதால் டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்கவே ஏழரையை நெருங்கும். இருட்டில் ஓட அஞ்சுகிறவர்களுக்கு வெயிலுக்கு முன் கிடைக்கிற நேரம் குறைவு.

பினாங்குதான் உண்மையான போட்டி. இதை மாமாவிடம் ஒப்புக்கொள்ளவில்லை, இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊரில் ரயில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கே நிலையத்தை ஒட்டியே ஃபெர்ரி, இறங்கினால் ஜார்ஜ்டவுன். காடியே வேண்டாம். லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் காலையில் இட்லியா தோசையா என்பது மட்டும்தான் கேள்வி. ஓடுவதற்குத் தண்ணீர்மலை. துறைமுகத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. அதன் வாசலருகே புறப்படும் ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டர் சொச்சத்தில் பினாங்குக் கொடிமலை உச்சிக்கே ஏறிவிடும். கால் இன்னும் மிச்சமிருந்தால் முருகன் கோயிலின் 513 படிகள். தைப்பூசத்தன்று கூட்டத்தோடு ஏறியவர்கள் அதை ஒருநாள் விடியற்காலையில் ஓடி ஏறிப் பார்க்கட்டும்.

குறைகள்? அஞ்சடி (கடைகளின் முன்னுள்ள நடைபாதை) முழுக்க மோட்டார் சைக்கிள்களும் கடைச் சாமான்களும், அதனால் பாதி தூரம் சாலையில்தான் ஓட வேண்டும். பாலத்தில் ஓடலாமே என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டார். 13.5 கிலோமீட்டர் பாலம், ஆசைதான். ஆனால் போட்டி நாளைத் தவிர கால்நடையாக யாரையும் விடமாட்டார்கள். கடலும் ஊரருகே குளிக்கிற மாதிரி இல்லை. பிள்ளைகள் அழுவார்கள்.

சரி, பங்கோர். ஃபெர்ரி புறப்படும் லூமுட்டுக்கு எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பயணிகள் ஃபெர்ரியில் காடி ஏறாது. லூமுட்டிலேயே விட்டுவிட வேண்டும். எனக்கு அது குறையாகவே படவில்லை. பங்கோர் பட்டணத்தில் இறங்கினால் இளஞ்சிவப்பு வேன் டாக்சிகள் நிற்கும். பாசிர் போகாக் கடற்கரை இரண்டு கிலோமீட்டர்தான், பை கனமில்லாவிட்டால் நடக்கலாம். தீவைச் சுற்றி ஒரே சாலை, வழி தவற வாய்ப்பே இல்லை.

அந்தச் சுற்றை ஒருமுறை முழுதாக ஓடியிருக்கிறேன். பாசிர் போகாக்கிலிருந்து வடக்கே தெலோக் நிப்பா வரை ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், மரநிழல் உண்டு. தெலோக் டாலாம் தாண்டியதும் சாலை கிழக்கே திரும்பி மலையேறும். தட்டையான தோட்டத்துப் பாதையில் பழகிய என் கெண்டைக்கால் அங்கே கட்டிக்கொண்டது. கையை இடுப்பில் வைத்து நடந்தேன். இறங்கியதும் சுங்கை பினாங் கெச்சில் என்ற மீனவக் கிராமம். கண்ணுக்குப் படகு தெரியும் முன்பே மூக்குக்கு நெத்திலி வந்துவிடும். அப்புறம் பட்டணம், அதற்குத் தெற்கே 1670-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சம். வரலாறு பார்க்கிற நிலையில் நான் இல்லை. சுவர் நிழலில் உட்கார்ந்து நூறு பிளஸ் குடித்தேன்.

மலைப்பகுதியில் கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். கையில் பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்கும். விடுமுறை நாளில் வாடகை மோட்டாரில் பழக்கமில்லாதவர்கள் வளைவில் நடுச்சாலைக்கு வந்துவிடுவார்கள். எட்டரைக்குள் ஓட்டத்தை முடிப்பது நல்லது.

தங்குவது நிப்பாவில்தான் என்று நினைக்கிறேன். கடற்கரையும் சாப்பாட்டுக்கடையும் சாலையைக் கடந்தால் போதும். சாயங்காலம் இருவாச்சிப் பறவைகள் வரும், பிள்ளைகளுக்கு அது போதும். பங்கோரின் பிரசித்தமான மாசி மகம் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பரில் போய்ப் பயனில்லை, அது வேறொரு பயணம்.

நேற்று மாமா விடவில்லை.

“லங்காவியில சாக்லெட் மலிவுடா.”

“பங்கோரும் 2020-லேர்ந்து தீர்வை இல்லாத தீவு மாமா.”

கொஞ்சம் யோசித்தார். “அப்ப பீரு?”

“அதுக்கும் சிகரெட்டுக்கும் தீர்வை உண்டு மாமா.”

“அதானே பார்த்தேன்” என்று எழுந்து போனார். அறைக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை.